கோபத்தில் எழுதிய சட்டங்கள்

அன்பு மாணவர்களே,

கல்லூரிக்குக் கல்லூரி நடக்கும் போட்டா போட்டியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் அமெரிக்காவின் ஹார்வர்டையும் யேலையும் எடுத்துக்கொள்கிறேன். இன்று டிவியில் அமெரிக்கக் கால்பந்து பார்க்கிறோமே, அதன் அடிப்படைச் சட்டங்கள் பல, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டு மூன்று கல்லூரிகள் ஒன்றையொன்று ஜெயிக்கத் துடித்த துடிப்பில் பிறந்தவை.

இவர்கள் முதலில் மோதியது தண்ணீரில். 1852ல் நியூ ஹாம்ப்ஷயரில் ஓர் ஏரியில் படகுப் போட்டி. செலவை ஏற்றது ஒரு ரயில்வே கம்பெனி. ஏரியைப் பார்க்க ஆள் வந்தால் டிக்கெட் விற்கும் என்ற கணக்கு. ஹார்வர்டு ஜெயித்தது. மாணவர் விளையாட்டில் வியாபாரம் எப்போது நுழைந்தது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: முதல் நாளே.

கால்பந்தில் முதல் மோதல் 1875 நவம்பரில், யேல் இருக்கும் நியூ ஹேவனில். அதற்கு முந்தைய வருடம்தான் கனடாவின் மெக்கில் கல்லூரியோடு ஆடி, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் ரக்பி முறையைப் பிடித்துக்கொண்டிருந்தது ஹார்வர்டு. யேலுக்கு அது புதிது. தோற்றார்கள். ஆனால் அந்த ஆட்டம் அவர்களுக்கும் பிடித்துப்போனது. அப்புறம் யேலில் வால்டர் கேம்ப் என்ற மாணவர் வந்தார். பக்கத்துக்கு 11 பேர் போதும், பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்களே அதை வைத்துக்கொண்டு அடுத்த முயற்சியைத் தொடங்கட்டும் என்று 1880ல் மாற்றியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

அந்த மாற்றத்தில் ஓர் ஓட்டை இருந்தது. பந்தை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. 1881ல் பிரின்ஸ்டன் என்ற இன்னொரு கல்லூரியும் யேலும் நியூயார்க்கில் ஆடின. முதல் பாதி முழுக்கப் பந்து பிரின்ஸ்டனிடம். முன்னேறவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. விழுவதும் எழுவதும் மறுபடி விழுவதுமாக ஓட்டினார்கள். சரி, இரண்டாம் பாதியிலாவது ஆட்டம் வருமா என்றால், யேல் அதையே திருப்பிச் செய்தது. முடிவு 0-0. பார்க்க வந்தவர்கள் கொதித்துப்போனார்கள். அடுத்த வருடமே சட்டம் வந்தது: மூன்று முயற்சிக்குள் ஐந்து கெஜம் முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. அதை அளக்கத்தான் மைதானத்தில் ஐந்து கெஜத்துக்கு ஒரு கோடு போட்டார்கள். இன்றும் அமெரிக்கக் கால்பந்து மைதானம் கோடு கோடாக இருப்பதற்குக் காரணம் அந்த ஒரு பிற்பகல். இந்தக் கதை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பிடிக்காதது, ஆனால் சொல்லியாக வேண்டும். 1892ல் லோரின் டிலாண்ட் என்ற சதுரங்கப் பிரியர், யேலோடு மோத ஹார்வர்டுக்கு ஒரு வியூகம் வகுத்துக்கொடுத்தார். அவர் கால்பந்து ஆடியவரே இல்லை. இரண்டு கூட்டமாக வீரர்கள் பின்னாலிருந்து ஓடிவந்து, ஆப்பு வடிவில் ஒன்றுசேர்ந்து, பந்து வைத்திருப்பவனை நடுவில் வைத்து, எதிரே நிற்கும் ஒரே ஆள்மீது மொத்த வேகத்தையும் இறக்குவார்கள். அந்தக் காலத்தில் தலைக்கவசம் கிடையாது. நிற்கிற பையனுக்கு இருபது வயது இருக்கும். சொந்தக் கல்லூரியின் பெயருக்காக ஒதுங்காமல் நிற்கிறான். அவனை அங்கே நிறுத்திய பெரியவர்கள்மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. அந்த ஆட்டத்திலும் யேல்தான் ஜெயித்தது.

1894ல் ஸ்பிரிங்ஃபீல்டில் எல்லாம் வெடித்தது. ஹார்வர்டு வீரர் ஒருவருக்குக் காறை எலும்பு முறிந்தது. யேல் வீரர் ஒருவர் நினைவிழந்து கிடக்க, செத்தே போய்விட்டார் என்று வதந்தி பரவியது. யேல் 12-4 என்று ஜெயித்தது. அடுத்த இரண்டு வருடம் இரண்டு கல்லூரிகளும் கால்பந்தில் மோதவே இல்லை. ராணுவ, கடற்படைக் கல்லூரிகளின் போட்டியும் ஏறக்குறைய அதே சமயத்தில் சில வருடம் நின்றுபோனது. 1893ல் அங்கே ஜோசப் ரீவ்ஸ் என்ற கடற்படை மாணவர், தலையில் இன்னொரு அடி பட்டால் ஆபத்து என்று டாக்டர் எச்சரித்தும், தோலில் ஒரு தொப்பி தைக்கச் சொல்லி மாட்டிக்கொண்டு களமிறங்கினார். பின்னாளில் அவர் அட்மிரல் ஆனார்.

1897ல் ஹார்வர்டும் யேலும் சமாதானமாகி மறுபடி ஆடினார்கள். யாருக்கும் புள்ளி இல்லை. ஆனால் கூட்டமாகப் போய் மோதும் ஆட்டம் ஓயவில்லை. மாணவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1905ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், அவரும் ஹார்வர்டில் படித்தவர்தான், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மூன்றையும் வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அடுத்த வருடம் பந்தை முன்னோக்கி எறியலாம் என்று சட்டம் வந்தது. 1882ல் போட்ட ஐந்து கெஜம் பத்து கெஜமானது.