கள் இல்லாத கள்ளுக்கடை நிறுத்தம்

வணக்கம். ஒலி சரியாகப் பதிவாகிறதா என்று தெரியவில்லை. சோளகக் காற்று காலையிலேயே தொடங்கிவிட்டது. ஒலிவாங்கியின் மேல் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். இடையில் பனையோலை சலசலத்தால் அதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை.

நான் நிற்பது இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி, சிக்கல் வழியாகச் சாயல்குடிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை, காரணம் பிறகு புரியும். பஸ்ஸில் வரும்போது கண்டக்டர், "கள்ளுக்கடை எல்லாம் இறங்கு" என்று குரல் கொடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நான்கு பேர், மீன் கூடையோடு ஓர் அம்மா, நான் ஆகிய ஆறு பேர் இறங்கினோம். சுற்றிப் பார்த்தால் கள்ளும் இல்லை, கள்ளுக்கடையும் இல்லை. ஒரு வேப்பமரம், ஒரு டீக்கடை, அதற்குப் பின்னால் கடற்கரை மணல் வரைக்கும் பனை.

கேரளத்துக் கள்ளுக்கடைகளில் கப்பையும் மீன்கறியும் சாப்பிடும் காணொளிகளை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். அங்கே கள்ளுக்கடை இன்றும் சட்டப்படி நடக்கிறது. "நம் பக்கம் அப்படி ஒன்று இல்லையா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. தமிழ்நாட்டில் கள்ளுக்கடைகளை 1987-இல் மூடினார்கள், இப்போது சட்டப்படி ஒன்றும் இல்லை. இப்போதும் திருட்டுத்தனமாக எங்கே கிடைக்கிறது என்று தேடிப் பிடித்துக் காட்டும் காணொளி இல்லை இது. அப்படிக் காட்டினால் நான் வீடு திரும்பிவிடுவேன், மரம் ஏறியவர்தான் மாட்டிக்கொள்வார். கடை போன பிறகும் பெயர் மட்டும் எப்படி நிற்கிறது என்று பார்க்கத்தான் வந்தேன்.

இதோ, டீக்கடைக்கு முன்னால் இருக்கும் இந்தக் கல்லைப் பாருங்கள். ஆறடி நீளம் இருக்கும். நடுவில் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. பழைய கடையில் மிஞ்சியது இது ஒன்றுதான். கள் பானைகளை வரிசையாக வைக்கப் போட்ட கல்லாம். இப்போது ஆட்கள் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். நானும் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் சூடு.

என் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். முகத்தைக் காட்டவேண்டாம் என்றார், அதனால் கைகளை மட்டும் காட்டுகிறேன். உள்ளங்கை பார்த்தீர்களா? மாட்டுத் தோல் மாதிரி. முன்கையிலும் நெஞ்சிலும் மரம் உரசி உரசிக் காய்த்துப்போயிருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பனையேறியவர். பருவ காலத்தில் ஒரு மரத்தைக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை ஏறி இறங்கவேண்டும். பாளையின் நுனியை ஒவ்வொரு முறையும் மெல்லியதாகச் சீவிவிட்டால்தான் சாறு நிற்காமல் சொட்டும். "ஒரு நாள் சோம்பல்பட்டால் பாளை காய்ந்துவிடும், அப்பு. காய்ச்சல் என்று படுத்தால்கூட மரத்துக்குப் புரியாது" என்றார்.

கள்ளுக்கும் பதநீருக்கும் என்ன வேறுபாடு என்று அவரிடம் கேட்டேன். மடியிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்து என் கையில் வைத்தார். அவ்வளவுதான் விடை. பாளையில் கட்டும் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காது, இறக்கும்போது பதநீர். தடவாமல் கட்டினால் காற்றில் இருக்கும் ஈஸ்ட் நுண்ணுயிர்களே வேலையைத் தொடங்கிவிடும், மரத்திலிருந்து இறங்கும்போதே பாதி கள். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கலயம். ஒரு விரல் சுண்ணாம்பு இருந்தால் தொழில், இல்லாவிட்டால் வழக்கு. விசாரிக்க வந்தவர்கள் கலயத்துக்குள் விரலை விட்டுச் சுண்ணாம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகும் கலயத்தை உடைத்த கதை ஒன்றைச் சொன்னார். சொல்லும்போது சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது கொஞ்சம் வரலாறு. சுருக்கமாக முடித்துவிடுகிறேன், இறங்கிப் போய்விடாதீர்கள். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கை ராஜாஜி முதலில் 1937-இல் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தார். 1948-க்குள் மாகாணம் முழுவதும் வந்துவிட்டது. 1971-இல் கருணாநிதி அரசு அதைத் தளர்த்தியது. கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் திறந்தன. 1974-க்குள் மறுபடி மூடினார்கள். 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் திரும்பத் திறந்தார்கள். 1987-இல் கள்ளையும் சாராயத்தையும் நிறுத்தினார்கள். வெளிநாட்டு வகை மதுவுக்கென்று 1983-இல் தொடங்கிய அரசு நிறுவனம் மட்டும் நின்றது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கையில்தான்.

இதைக் கல்லில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். 1971 முதல் மூன்றாண்டு, 1981 முதல் ஆறாண்டு. பெரியவர் வாழ்நாளில் இந்தக் கடை திறந்திருந்தது மொத்தம் பத்து ஆண்டுகூட இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் ஏலம் எடுத்து நடத்திய கடையும் இதே இடத்தில்தான் என்று அவர் அப்பா சொல்லியிருக்கிறாராம். எப்படிப் பார்த்தாலும் மூடிக் கிடந்த காலம்தான் அதிகம். ஆனால் பஸ் நிறுத்தத்துக்குக் கள்ளுக்கடை என்ற பெயர் நிலைத்துவிட்டது. எதிரிலேயே ஓர் ஆரம்பப் பள்ளி இருக்கிறது, அதன் பெயரை யாரும் சொல்வதில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. இங்கிருந்து வடக்கே, வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம் இருக்கிறது. அங்கே தோண்டியபோது ரோமானிய நாணயங்களும், மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்த மதுச் சாடிகளின் உடைந்த ஓடுகளும் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைக் குடித்து மகிழ்க என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அரசனுக்குக் கப்பலில் வந்த மது. பாடவும் ஆள் இருந்தது. இந்தக் கல்லின் மேல் இருந்த பானைகளைப் பற்றி யாரும் பாடவில்லை, அதனால் நான் காணொளி எடுக்கிறேன். சரி, கொஞ்சம் மிகையாகப் பேசிவிட்டேன்.

கடை எப்படி இருந்தது? பெரியவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நான்கு பக்கமும் ஓலைத் தட்டி, மேலே ஓலைக் கூரை. தரை மணல். நாற்காலி, பெஞ்சு எதுவும் கிடையாது. மணலில் வட்டமாக உட்காரவேண்டியதுதான். பனையோலைப் பட்டையிலோ மண் மொந்தையிலோ ஊற்றுவார்கள். தொட்டுக்கொள்ள அவித்த மொச்சை, சுட்ட கருவாடு, சில நாளில் நண்டு. கடலுக்குப் போனவர், உப்பளத்தில் வேலை பார்த்தவர், மரம் ஏறியவர் எல்லோரும் பொழுது சாயும்போது வந்துவிடுவார்கள். எந்தப் படகில் என்ன மீன் பட்டது, யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், எந்தக் கிணறு உவர்ப்பாகிவிட்டது என்பதெல்லாம் இங்கேதான் தெரியும். "எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து குடித்தோம், தம்பி. அந்த ஒற்றுமை இப்போது எங்கே?" என்றார்.

இதை வைத்தே காணொளியை முடித்திருப்பேன். நல்ல முடிவு, உங்களுக்கும் பிடித்திருக்கும். அப்போதுதான் டீக்கடை அக்கா, டீயை ஆற்றிக்கொண்டே, எங்கள் பக்கம் திரும்பாமல் கேட்டார்: "எல்லோருமா?"

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தட்டிக்கு வெளியே கையைக் காட்டினார். "சில பேருக்கு அங்கே. கொட்டாங்குச்சியில் ஊற்றுவார்கள். உள்ளே விடமாட்டார்கள்." நிறுத்திவிட்டு, "நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை" என்றார். கேமராவை அணைத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றார்.

அக்காவுக்கு ஐம்பதுக்கு மேல் வயதிருக்கும். அவரும் முகம் காட்டவில்லை. அவர் சொன்னதைக் கேளுங்கள். அவருடைய அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். சனிக்கிழமை கூலி. உப்பளத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் கடை. அம்மா சனிக்கிழமை மாலை இந்த வேப்பமரத்தடியில் வந்து நிற்பார். அம்மா மட்டுமில்லை, ஏழெட்டுப் பெண்கள் நிற்பார்களாம். பெண்கள் தட்டியைத் தாண்டி உள்ளே போகக்கூடாது. அதனால் அம்மா இவரை உள்ளே அனுப்புவார். அப்போது வயது எட்டு, ஒன்பது. "நாலு பேர் முன்னால் பிள்ளை வந்து கேட்டால் அப்பாவால் இல்லை என்று சொல்லமுடியாது. மடியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். எவ்வளவு கொடுத்தார் என்று வெளியே வந்து எண்ணித்தான் அம்மா அரிசி வாங்கப் போவார்."

உள்ளே போன நினைவு இருக்கிறதா என்று கேட்டேன். பெரியவர் சொல்லாத பலவற்றை அக்கா சொன்னார். புளித்த வாடை. ஈ. மண்ணெண்ணெய் விளக்கு. குனிந்து போகவேண்டிய வாசல். ஒருவர் எப்போதும் பாடிக்கொண்டிருப்பார், நல்ல குரலாம். அப்பா பணத்தோடு ஒரு ஓலைத் துண்டில் கொஞ்சம் மொச்சையும் வைத்துக் கொடுப்பார். "அந்த மொச்சை அவ்வளவு ருசியாக இருக்கும். அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது" என்றார். கடை மூடிய நாளில் அம்மா இந்த மரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாராம். அந்தக் காலத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் என்றால் இந்தக் கடற்கரையில் என்ன மதிப்பு என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு நிரப்பவேண்டும்.

அப்படியானால் மூடியது நல்லதுதானே என்று கேட்டேன். அக்கா பதில் சொல்லவில்லை. பெரியவர்தான் சொன்னார்: அவர் மகன் மரம் ஏறவில்லை, பக்கத்து ஊரில் பெரிய கடை இருக்கிறது, பாட்டிலில் வாங்கிக் குடிக்கிறான், அதற்குக் கொடுக்கும் காசில் ஒரு பைசாகூட எந்தப் பனைமரத்துக்கும் வருவதில்லை. அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. அக்கா பேச்சிலும் இருக்கிறது. உப்பளக் கூலி எங்கே போனது என்று பார்த்தால் எனக்கு அக்கா பக்கம்தான் மனம் சாய்கிறது. பதநீரைப் பதநீராக விற்கவும், கருப்பட்டிக்கு நல்ல விலை கிடைக்கவும் வழி செய்திருந்தால் பெரியவருடைய மகன் மரம் ஏறியிருப்பானோ என்னவோ. பனை நம் மாநில மரம். பாடப்புத்தகத்தில் படம் இருக்கிறது, ஏறத்தான் ஆள் இல்லை.

பதநீர் வந்துவிட்டது. இதோ, ஓலையை மடித்துக் கட்டிய பட்டை. இதில் ஊற்றிக் குடித்தால்தான் ஓலை வாசம் சேரும், டம்ளரில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இனிப்பு முதலில், கடைசியில் சுண்ணாம்பின் மெல்லிய கார்ப்பு. அக்கா ஒரு தட்டில் அவித்த மொச்சை கொடுத்தார். உப்பு, கொஞ்சம் மிளகாய், தேங்காய்கூட இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று தட்டுச் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது அக்கா ஒன்றைக் கேட்டுக்கொண்டார். "உங்கள் காணொளியிலாவது டீக்கடை நிறுத்தம் என்று சொல்லுங்கள். இருபது ஆண்டாக நான்தான் இங்கே கடை வைத்திருக்கிறேன்." சொல்கிறேன் என்றேன்.

இப்போது பஸ்ஸில் இருக்கிறேன். ஜன்னலோரம், அதனால் மறுபடி காற்று. கண்டக்டர் கொஞ்சம் தள்ளி வந்துதான் டிக்கெட் கேட்டார். எங்கே ஏறினீர்கள் என்றார். டீக்கடை நிறுத்தம் என்றேன். "எந்த டீக்கடை? இந்த ரோட்டில் முப்பது டீக்கடை இருக்கிறது." பள்ளிக்கூடத்துக்கு எதிரில் என்றேன். எந்தப் பள்ளிக்கூடம் என்றார். வேப்பமரம் என்றேன். பின்னால் இருந்தவர்கள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

கள்ளுக்கடை என்றேன். டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.