கில்டோனன்: ஆடுகளுக்காகக் காலியான பள்ளத்தாக்கு

வணக்கம் நேயர்களே. ஸ்காட்லாந்தின் வட பகுதியில், சதர்லாந்து மாவட்டத்தில் கில்டோனன் என்றொரு பாரிஷ் இருக்கிறது. பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த வட்டாரம். அந்தக் காலத்தில் தலைக்கணக்கும் அதன்படியே எடுத்தார்கள். பேடன்லாக் ஏரிப் பக்கம் கிளம்பும் ஹெம்ஸ்டேல் ஆறு இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத் தென்கிழக்கே இறங்கி வட கடலில் சேர்கிறது. மேட்டுநிலம் பெரும்பாலும் புல்பூண்டு மக்கிய கரிய சதுப்பு. ஆற்றோரமாகத்தான் கொஞ்சம் நல்ல மண். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக் பேசிய குடியானவர்கள் அங்கே ஓட்ஸும் பார்லியும் விதைத்து, மாடு வளர்த்துப் பிழைத்தார்கள்.

இன்று அந்த வழியாக ரயிலில் போகிறவர்கள், மனிதர் காலே படாத இயற்கை என்று சொல்லி வியக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் மனசு பொறுப்பதில்லை. 1811ல் அங்கே 1,574 பேர் இருந்தார்கள். 1831ல் 257 பேர். இருபதே வருஷம்! இது கொள்ளைநோயின் வேலை அல்ல. கம்பளி நல்ல விலை போனதால் நிலச்சொந்தக்காரரான சதர்லாந்துச் சீமாட்டியின் நிர்வாகம், குடிகளை வெளியேற்றிவிட்டு, செவியட் இனச் செம்மறி வளர்க்கும் பெரிய குத்தகைக்காரர்களுக்கு நிலத்தைக் கொடுத்தது. குடிகளைக் கடலோரத்துக்குப் போய் மீன் பிடிக்கச் சொன்னார்கள். வலையே தொட்டிராத மனிதர்கள்!

ஏழை மண், எப்படியும் போயிருப்பார்கள் என்று சிலர் வாதிடுவதுண்டு. சரி, அப்படியானால் 1813ல் ஆட்டுப் பண்ணைக்காக நிலத்தைப் பார்வையிட வந்தவர்களை இந்த மக்கள் ஏன் விரட்டியடித்தார்கள்? அவர்களை அடக்கப் பட்டாளம் ஏன் வந்தது?

அதே வருஷம், கனடாவில் குடியேற்றம் அமைத்துவந்த செல்கிர்க் பிரபுவின் ஏற்பாட்டில் ஏறத்தாழ நூறு பேர் கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள். வழியில் டைஃபஸ் காய்ச்சல் கண்டு பலர் இறந்தார்கள். ஹட்சன் விரிகுடாவின் கரையில், சர்ச்சில் பக்கம் இறக்கிவிடப்பட்டவர்கள் பனிக்காலத்தை மரக்குடிசைகளில் கழித்தார்கள். அப்புறம் 1814 வசந்தத்தில், இளவயதுக்காரர்கள் யார்க் ஃபேக்டரி என்ற வணிக நிலையம் வரை உறைபனியில் நடந்தே போனார்கள். வரிசையில் பெண்கள் நடுவே நடக்க, ஒருவர் பேக்பைப் என்ற ஊதுவாத்தியம் வாசித்துக்கொண்டே போனார். அங்கிருந்து ஆற்று வழியாக ரெட் ரிவர் குடியேற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இன்றைய வின்னிபெக் நகரம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. அங்கே கிழக்கு கில்டோனன், மேற்கு கில்டோனன் என்று பகுதிகளே உண்டு.

பள்ளத்தாக்கில் மறுபடி கூட்டம் சேர்ந்தது 1869ல். ஓடையில் தங்கத் துகள் கிடைத்ததும் நூற்றுக்கணக்கானவர்கள் சல்லடையும் தட்டுமாக வந்து இறங்கினார்கள். மாதம் ஒரு பவுண்டு உரிமக் கட்டணம். ஆட்டுப் பண்ணைக்காரர்களும், வேட்டைக்கும் மீன்பிடிக்கும் குத்தகை எடுத்தவர்களும் முறையிட்டார்கள். அந்த வருஷக் கடைசியிலேயே சதர்லாந்துப் பிரபு உரிமத்தை நிறுத்திவிட்டார். வந்தவர்களும் கிளம்பிப் போனார்கள்.