பாஸ்புக்கும் ஒரு புத்தாக்கம்தான்

அவையோருக்கு வணக்கம்.

அரசுத் துறையில் புத்தாக்கம் என்றதும் புதிய செயலியைத்தான் நினைக்கிறோம். உலகத்துக்கே புதிதாக இருக்க வேண்டும் என்றில்லை. அந்த அலுவலகத்துக்குப் புதிதாக இருந்து, நடைமுறைக்கும் வந்து, மக்களுக்குப் பயனும் கூட்டினால் போதும். அறிக்கையோடு நின்றுபோனது கணக்கில் வராது. சேவை, செயல்முறை, அமைப்பு, கருத்து என்று இதை வகை பிரிப்பதுண்டு. வேலை நடக்கும் இடத்தில் அவை தனித்தனியாக நிற்பதில்லை.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பாருங்கள். 1994-இல் பதிவாகி, 1995 முதல் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருகிறது. துறைக்கு வெளியே தனிக் கழகம் வைத்தது அமைப்புப் புத்தாக்கம். இரண்டு உறை ஒப்பந்தப்புள்ளி செயல்முறைப் புத்தாக்கம்: முதல் உறையில் தகுதி பார்ப்பார்கள், தேறியவர்களின் விலை உறையை மட்டும் பிரிப்பார்கள். வந்த சரக்கைக் கிடங்கில் தனியே ஒதுக்கி, பேட்ச் வாரியாக மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்துக் குறியீட்டு எண்ணோடு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறிய பிறகே விநியோகம். பெயரை மறைப்பது சின்ன வேலை. ஆனால் ஆய்வகத்தில் யாரையும் ‘கவனிக்க’ வழியில்லாமல் செய்வது அதுதான்.

இவற்றையெல்லாம் பார்த்து மற்றவர்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பலரும் கவனிக்காமல் விடுவது பாஸ்புக்கை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டுக்கு இவ்வளவு தொகை என்று ஒதுக்கி, கையில் ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள். கிடங்கிலிருந்து எடுக்கும் மருந்தின் மதிப்பு அதில் கழியும். மேலிருந்து அனுப்பியதை வாங்கி அடுக்காமல், தன் வெளிநோயாளிகளுக்கு என்ன வேண்டுமோ அதை மருத்துவமனையே கேட்டு எடுக்கிறது. கருத்தே மாறிவிட்டது: பெறுபவர் கணக்கு வைத்திருப்பவர் ஆனார். எங்கே எந்த மருந்து எவ்வளவு செலவாகிறது என்ற விவரமும் கூடவே சேர்ந்தது. அடுத்த ஒப்பந்தப்புள்ளியின் அளவை முடிவு செய்ய அதைவிட நல்ல ஆதாரம் ஏது?

கழகத்தையும் கிடங்கையும் மட்டும் அமைத்து, பாஸ்புக்கை விட்டுவிட்டால் என்ன ஆகும்? கொள்முதல் அளவைக் குத்துமதிப்பாகப் போட வேண்டிவரும். ஒரு மருந்து காலாவதியாகும், இன்னொன்றுக்குத் தட்டுப்பாடு வரும். பாஸ்புக் மட்டும் இருந்தாலும் போதாது. ஆய்வக முடிவு தாமதித்தால் கிடங்கு நிறைய மருந்து இருந்தும் வார்டில் இருக்காது. பில் பணம் இழுத்தடித்தால் நல்ல கம்பெனிகள் அடுத்த முறை உறையே போடாது. போடுகிறவர்களும் வட்டியைச் சேர்த்தே விலை எழுதுவார்கள். அப்போது எத்தனை உறை வைத்தும் விலை இறங்காது.