முகம் கேட்காத கொடை

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, இலண்டனில் வாழும் என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். அங்குள்ள தமிழ்த் தொலைக்காட்சி ஒன்றில் நேரலையாக நிதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். வன்னியில் ஒரு தகரக் கொட்டிலின் முன்னால் நின்று ஒரு தாய் அழுதுகொண்டிருந்தார் என்றும், திரையின் அடியில் சேர்ந்த தொகை ஏறிக்கொண்டே போனது என்றும் சொன்னாள். "அண்ணா, நான் நூறு பவுண் சொல்லட்டோ? இல்லாட்டி வேறை எங்கையும் குடுக்கிறது நல்லதோ?" என்று கேட்டாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நாற்பது ஆண்டுகளாகப் பாடசாலையில் நின்று கேள்விகளுக்கு விடை சொன்ன எனக்கு, அந்தக் கேள்வி பல நாள் உறக்கத்தைக் கெடுத்தது. இன்றைய உரை அவளுக்குச் சொல்ல நான் தேடிய பதில்தான்.

தொலைக்காட்சியின் வழியாகச் சேர்கின்ற நிதியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 1985ஆம் ஆண்டு யூலை 13ஆம் திகதி, எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக இலண்டனிலும் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் நடந்த 'லைவ் எய்ட்' இசை நிகழ்ச்சி, அதுவரை அந்த நாட்டின் பெயரையே கேள்விப்படாத எத்தனையோ வீடுகளில் பணப்பையைத் திறக்க வைத்தது. அவ்வளவு தூரம் போவானேன்? 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது, மணற்காட்டிலும் மருதங்கேணியிலும் முல்லைத்தீவிலும் மக்கள் உடுத்த துணியோடு நின்றார்கள். பிரித்தானியாவின் உதவி அமைப்புகள் 1963இல் உருவாக்கிக்கொண்ட இடர்கால நிவாரணக் கூட்டமைப்பு, அந்த ஆழிப்பேரலைக்காகத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் விடுத்த ஒரே வேண்டுகோளுக்கு 39 கோடி பவுணுக்கு மேல் சேர்ந்தது. அந்தப் படங்களை உலகம் பார்த்திராவிட்டால் அந்தப் பணம் வந்திருக்காது. இதை மறந்துவிட்டுப் பேசுவது நன்றி கெட்ட பேச்சாகும்.

ஆனால் கமரா எங்கே திரும்புகிறதோ அங்கேதான் பணமும் திரும்புகிறது. பருத்தித்துறை வைத்தியசாலையில் போர்க்காலத்தில் பணியாற்றியதால் நம்மில் பலருக்குப் பழக்கமான 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு, ஆழிப்பேரலை வந்து இரண்டு வாரங்கள் ஆவதற்கு முன்பே, தன் மருத்துவப் பணிக்குத் தேவையான பணம் சேர்ந்துவிட்டது என்றும், இனி அந்தப் பெயரில் தங்களுக்கு அனுப்ப வேண்டாம் என்றும் வெளிப்படையாக அறிவித்தது. வேறு இடங்களின் அவசரத் தேவைக்குப் பயன்படுத்த அனுமதி தருமாறு ஏற்கெனவே கொடுத்தவர்களிடம் அது கேட்டுக்கொண்டது. வருகின்ற பணத்தை வேண்டாம் என்று சொல்லும் நேர்மையை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஒரு நிறுவனத்தை நம்பலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இன்றும் அந்த அறிவிப்பையே நினைவூட்டுகிறேன்.

இனி, நான் சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் அதிபராக இருந்த காலத்தில், வெளிநாட்டு அன்பர்களின் பணத்தில் எமது மாணவிகள் ஆறு பேருக்குத் துவிச்சக்கரவண்டி கொடுக்க ஒரு குழுவினர் வந்தார்கள். நல்ல வண்டிகள். பிள்ளைகள் நான்கு, ஐந்து கிலோமீற்றர் நடந்து வந்தவர்கள். கொடுப்பதைப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள், நான் ஒப்புக்கொண்டேன். பத்தாம் வகுப்பில் படித்த ஒரு பிள்ளையைத் தனியே நிறுத்தி, தந்தை எப்போது காணாமற்போனார், தாய் என்ன வேலை செய்கிறார், இரவில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவள் முதலில் அழவில்லை. கேள்வியை மறுபடியும் கேட்டார்கள், அப்போது அழுதாள். ஒரு கிழமைக்குள் அந்தப் படம் யூரியூப்பிலும் முகநூலிலும் சுற்றி, அவளுடைய வகுப்புப் பிள்ளைகளின் கைபேசிகளுக்கே வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு அவள் அந்த வண்டியில் பாடசாலைக்கு வந்ததை நான் காணவில்லை. பழையபடி நடந்தே வந்தாள். தாயிடம் விசாரித்தபோது, வண்டி வீட்டுக் கோடிக்குள் நிற்கிறது என்று மட்டும் சொன்னார். அனுமதிக் கடிதத்தில் கையொப்பம் இட்டவன் நான். அந்தக் குழுவினரின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த வண்டிக்குரிய விலையை அந்தப் பிள்ளை தன் முகத்தால் கட்டினாள், அதை அன்று நான் தடுத்திருக்க வேண்டும்.

இந்த வேதனை நமக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியாவின் ஐரிவி தொலைக்காட்சி 1988, 1990, 1992 ஆகிய ஆண்டுகளில், மாற்றுத்திறனாளிகளுக்கென்று இருபத்தேழு மணி நேரம் தொடர்ந்து நிதி சேர்க்கும் நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. யாருக்காகச் சேர்க்கப்பட்டதோ அவர்களே 1990இலும் 1992இலும் சக்கர நாற்காலிகளோடு நிலையத்தின் வாசலில் கூடி, எங்களுக்கு இரக்கம் வேண்டாம், உரிமை வேண்டும் என்று குரல் எழுப்பினார்கள். 1992க்குப் பிறகு அந்த நிகழ்ச்சி நடக்கவில்லை. தம்மைப் பற்றிய அழுகைக் காட்சிகளால் வேலை தருவோர் தம்மைத் திறனற்றவர்களாகவே பார்க்கிறார்கள் என்பது அவர்களுடைய முறைப்பாடாக இருந்தது. அதைப் படித்தபோது என் மாணவியின் முகமே எனக்கு நினைவுக்கு வந்தது.

கமராவை வைத்துக்கொண்டே இதைச் செம்மையாகச் செய்ய முடியும் என்பதற்கும் நம் கண்முன்னே சான்று இருக்கிறது. 2011ஆம் ஆண்டு யூலை மாதத்தில், இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரம் மக்கள் நடந்தார்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலைக் கட்டடம் அமைப்பதற்கான நடை அது. நோயாளிகள் பலர் கொழும்புக்கு அருகே மகரகமையில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலை வரை அலைந்த காலம். பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் காட்டியவை நடந்தவர்களின் கால்களையும் வியர்வையையும்தான். போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆன நிலையில், தெற்கிலிருந்து ஒரு சாதாரண மனிதர் வடக்கின் நோயாளிக்காக நடக்கிறார் என்பதே பணம் கொடுக்கப் போதுமான காரணமாக இருந்தது. எந்தத் தாயும் தன் பிள்ளையின் மொட்டைத் தலையைக் காட்டி அழ வேண்டியிருக்கவில்லை.

நம்முடைய மரபிலும் அப்படித்தான் நடந்தது. 1995ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆம் திகதி இரவு, போர் நெருங்கியதால், கொட்டும் மழையில் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது, சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் மீசாலையிலும் வீட்டுக் கதவுகள் திறந்தன. ஒரு வீட்டுக்குள் ஐந்து குடும்பங்கள் இருந்தோம். எங்களை ஏற்றுக்கொண்ட அம்மா, "சாப்பிட்டியளோ?" என்ற ஒரு கேள்வியைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. தெல்லிப்பழை துர்க்கை அம்மன் ஆலயத்தின் வருமானத்தில் ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார், அந்தப் பிள்ளைகளை எம் முன்னே நிறுத்தியது பண்ணிசை பாடவும் படித்துக் காட்டவும்தான். அவர்களது துயரத்தைச் சொல்ல வைத்து அவர் நிதி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆகவே எங்கே கொடுப்பது? என் தங்கையைப் போல் பிரித்தானியாவில் வாழ்பவர்கள், அங்கு பதிவுபெற்ற அறக்கட்டளைகளின் ஆண்டு வரவு செலவு விவரத்தை அரசின் இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம் என்பதை அறிந்திருக்க வேண்டும். வரி செலுத்துபவர் உரிய படிவத்தில் ஒப்பம் இட்டால், அவர் அத்தகைய அறக்கட்டளைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு நூறு பவுணுடனும் அரசு இருபத்தைந்து பவுண் சேர்த்துக் கொடுக்கும். தனியாள் ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கு இலக்கம் திரையில் ஓடினால், கை அங்கேயே நிற்க வேண்டும். இங்கே ஊரில் என்றால், பிரதேச செயலகத்தில் பதிவுள்ள சங்கமா, பொதுக்கூட்டம் கூடுகிறதா, வரவு செலவை அறிவித்தல் பலகையில் ஒட்டுகிறதா என்று கேட்கலாம். ஒரு சிறிய சனசமூக நிலையம்கூட இதைச் செய்யும், சில பெரிய நிறுவனங்கள் இதைச் செய்வதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, உதவி பெறுபவர் படம் எடுக்க மறுத்தால் அந்த உதவி அவருக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நேரான பதில் வராத இடத்துக்கு நான் இனிக் கொடுக்கமாட்டேன்.

அடுத்த ஞாயிறு தங்கை மறுபடியும் அழைத்தாள். அன்றிரவே நூறு பவுணைக் கொடுத்துவிட்டாள். அந்தத் தாயின் அழுகையைப் பார்த்துவிட்டு நித்திரைகொள்ள முடியவில்லை என்றாள். நான் அவளைக் கடியவில்லை, அந்த இடத்தில் இருந்தால் நானும் கொடுத்திருப்பேன். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையம் நடத்தும் மாலைநேர வகுப்பைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். இரண்டு ஆசிரியர்கள், இருபத்தெட்டுப் பிள்ளைகள், மாதாமாதம் ஒரு சிறு தொகை போதும் என்றேன்.

"பிள்ளையளின்ரை படம் ஒண்டும் அனுப்பமாட்டினமோ?" என்று கேட்டாள்.

"கணக்கு அனுப்புவினம்" என்றேன்.

சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, கணக்கு இலக்கத்தைச் சொல்லும்படி கேட்டு, எழுதுவதற்குப் பேனை எடுக்கப் போனாள்.

வணக்கம்.