பையா: தரை தாழ்ந்துபோன ஊர்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இத்தாலியின் தெற்கே நேப்பிள்ஸ் நகரத்தில் மோன்டேசாந்தோ என்ற நிலையத்திலிருந்து குமானா என்றொரு சிறிய ரயில் புறப்படுகிறது. கடற்கரையை ஒட்டி மேற்கே போகும் ரயில் அது. பொட்சுவோலி துறைமுகத்தைத் தாண்டி லுக்ரினோவில் இறங்கினால், வளைகுடாவின் அந்தப் பக்கத்தில் தெரிவதுதான் பையா. ஒரு படகுத்துறை, சில மீன் உணவகங்கள், மலைச் சரிவில் அடுக்கடுக்காய் வீடுகள், முனையில் ஒரு பழைய கோட்டை. அவ்வளவுதான் இன்றைய ஊர். ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ரோமாபுரியில் வசதியுள்ள எவரும் இங்கே ஒரு மாளிகை வைத்திருக்க ஆசைப்பட்டார்கள். ஜூலியஸ் சீசருக்கு இங்கே வீடு இருந்தது. நீரோ மன்னன் இங்கே விருந்து வைத்தான். ஹேட்ரியன் சக்கரவர்த்தி கி.பி. 138-ஆம் ஆண்டு ஜூலை மாதம் இங்கேதான் உயிர் விட்டார்.

பையாவைப் பற்றி எழுதிய பழைய ஆசிரியர்கள் பெரும்பாலும் அதன் கேளிக்கைகளைத்தான் எழுதினார்கள். தத்துவ அறிஞர் செனெகா வந்த மறுநாளே கிளம்பிவிட்டதாகக் கடிதம் எழுதினார். தீய பழக்கங்கள் எல்லாம் வந்து தங்கும் சத்திரம் என்றார். கி.பி. 59-இல் நீரோ தன் தாய் அக்ரிப்பினாவைத் திருவிழாவுக்கென்று இங்கே வரவழைத்து, நடுக்கடலில் உடைந்து விழும்படி செய்த படகில் ஏற்றி அனுப்பினான். அவள் நீந்திக் கரை சேர்ந்தாள். பிறகு ஆட்களை அனுப்பி அவள் வீட்டிலேயே கொன்றான். இந்தக் கதைகளை நீங்கள் எங்கேயும் படிக்கலாம். நான் கட்டடப் பொறியாளர். வாழ்நாளெல்லாம் சிமென்ட்டோடும் ஜல்லியோடும் பழகியவன். எனக்குப் பையாவில் பேச வேண்டியது, பழைய ஊரின் கரைப்பகுதியைக் கடலுக்குள் இறக்கிய அதன் தரையைப் பற்றித்தான்.

அந்தப் பகுதி முழுவதும் ஓர் எரிமலை வாய். வெசூவியஸ்போலக் கூம்பாக நிமிர்ந்து நிற்கும் மலை கிடையாது. பல கிலோமீட்டர் அகலத்துக்கு உள்வாங்கிய பள்ளம். பாதி நிலத்திலும் பாதி கடலுக்கு அடியிலும் கிடக்கிறது. காம்பி ஃப்ளெக்ரேயி என்று பெயர். அடியில் நெருப்பு இருப்பதால்தான் பையாவில் வெந்நீர் ஊற்றுகள் பொங்கின. பாறையைக் குடைந்தால் சூடான ஆவி வந்தது. அந்த ஆவியை வாய்க்கால் போட்டு அறைகளுக்குள் கொண்டுவந்து, விறகே எரிக்காமல் வியர்வைக் குளியல் அறைகள் அமைத்தார்கள். மூட்டு வலிக்கும் தோல் நோய்க்கும் மருத்துவர்கள் நோயாளிகளை இங்கே அனுப்பினார்கள். ரோமர் காலம் முடிந்து எழுநூறு ஆண்டு கடந்த பிறகும், எந்த ஊற்று எந்த நோய்க்கு ஆகும் என்று பட்டியலிட்டு லத்தீனில் செய்யுள் எழுதிய மருத்துவக் கவிஞர் ஒருவர் இருந்தார்.

இந்த நிலம் கொடுத்த இன்னொரு செல்வம் சாம்பல். எரிமலை கக்கிய சாம்பல் அங்கே மண்ணாகவே கிடக்கிறது. சுண்ணாம்போடு அதைக் கலந்து தண்ணீருக்குள் கொட்டினாலும் இறுகிக் கல்லாகிவிடும். ரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் பையாவைச் சுற்றிக் கிடைக்கும் பொடி என்றே பெயர் சொல்லி இதைப் புகழ்ந்திருக்கிறார். நம் ஊரில் செங்கல்லைப் பொடித்துச் சுண்ணாம்போடு கலந்த சுர்க்கிச் சாந்து செய்ததும் இதே வேலையைத்தான். முல்லைப் பெரியாறு அணை அந்தச் சாந்தில் நிற்கிறது. இன்று வீடு கட்டுகிறவர்கள் கடையில் பிபிசி (PPC) என்று கேட்டு வாங்குகிற பொசோலானா சிமென்ட்டில், அனல்மின் நிலையச் சாம்பல் அந்த எரிமலைச் சாம்பலின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

மலைச் சரிவில் இருக்கிற தொல்லியல் பூங்காவுக்கு முதலில் போங்கள். படிக்கட்டுகளும் மண்டபங்களும் கடலை நோக்கி இறங்கிக்கொண்டே போகும். ஒரு வளைவின் கூரையிலிருந்து அத்திமரம் ஒன்று தலைகீழாக, கிளைகள் தரையைப் பார்க்க வளர்ந்திருக்கிறது. எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கிருந்து கீழே இறங்கினால் மெர்க்குரி கோயில் என்று அழைக்கப்படும் கட்டடம் வரும். கோயில் என்பது பிற்காலத்தார் கொடுத்த பெயர். உண்மையில் அது குளியல் மண்டபம். மேலே ஏறத்தாழ 21.5 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம். உச்சியில் வட்டமாய் ஒரு திறப்பு. கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. இன்றும் நிற்கிற பெரிய கான்கிரீட் குவிமாடங்களில் மிகப் பழையவற்றுள் இது ஒன்று. ரோமில் உள்ள புகழ்பெற்ற பாந்தியன் கோயிலின் குவிமாடம் இதைப்போல இரு மடங்கு அகலம். ஆனால் அதை ஹேட்ரியன் கட்டி முடித்தது நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து.

உள்ளே நுழைந்தால் காலடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பழைய தரை எங்கோ கீழே மண்ணுக்கும் நீருக்கும் அடியில். நாம் நிற்பது குவிமாடம் தொடங்குகிற உயரத்துக்குப் பக்கத்தில். ஒரு சொல் பேசினால் சுற்றிச் சுற்றி வந்து நெடுநேரம் கேட்கிறது. நான் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பி கிடையாது. சாந்தும், கைக்கு அடங்கும் எரிமலைக் கற்களும் மட்டும். அந்தக் கற்களை வரிசை வரிசையாய் அடுக்கி, மரச் சாரம் கட்டி, சாந்தை ஊற்றி, இறுகியதும் சாரத்தைப் பிரித்திருக்கிறார்கள். இந்த அளவில் ஒரு கூரையை அதற்கு முன் பார்த்திராத கொத்தனார்கள், பிரித்தால் நிற்குமா என்று தெரியாமலே அந்தச் சாரத்தைப் பிரித்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. மாளிகைகளில் குடித்துக் கிடந்தவர்கள் பெயரெல்லாம் கிடைத்திருக்கிறது. எனக்கு அது மனத்தாங்கலாகவே இருக்கிறது.

சரி, ஊர் ஏன் கடலுக்குள் போனது? சுனாமி இல்லை, ஒரே நாளில் நடந்த பிரளயமும் இல்லை. அடியில் இருக்கும் நெருப்புக் குழம்பும் சூடான வாயுவும் நீரும் அழுத்தம் கூடினால் நிலத்தை மேலே தள்ளுகின்றன. குறைந்தால் நிலம் இறங்குகிறது. புளித்த மாவு பொங்கி எழுந்து பிறகு அமுங்குகிறதே, அப்படி. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், நூற்றாண்டுக் கணக்கில் நடக்கும் வேலை. ரோமப் பேரரசின் பிற்காலத்திலிருந்து பையாவின் கரை மெல்ல மெல்லத் தாழ்ந்தது. அலை முற்றத்துக்கு வந்தது, பிறகு கூடத்துக்கு வந்தது. பழைய கடற்கரை இன்று நானூறு ஐந்நூறு மீட்டர் தள்ளிக் கடலுக்குள் இருக்கிறது. கி.மு. 37-இல் ரோமத் தளபதி அக்ரிப்பா போர்க்கப்பல்களுக்காகக் கட்டிய ஜூலியஸ் துறைமுகமும் அங்கேதான் மூழ்கிக் கிடக்கிறது.

1969-இல் எபிடாஃபியோ முனை அருகே கடலுக்கு அடியில் இரண்டு சிலைகள் கண்ணில் பட்டன. 1980-களில் முறையாகத் தோண்டியபோது வெளிப்பட்டது கிளாடியஸ் சக்கரவர்த்தியின் விருந்து மண்டபம். நடுவே நீர்த் தடாகம், சுற்றிலும் விருந்தினர் சாய்ந்து உண்ணும் திண்ணைகள், சுவர் மாடங்களில் பளிங்குச் சிலைகள். கிரேக்கக் காவிய நாயகன் ஒடிசியஸ் ஒற்றைக்கண் அரக்கனுக்கு மதுக் கிண்ணம் நீட்டும் காட்சி ஒரு பக்கம். கிளாடியஸின் தாய் அந்தோனியாவும், சிறுமியாக அவர் மகள் ஒக்டேவியாவும் இன்னொரு பக்கம். மூலச் சிலைகளை மேலே கோட்டையில் உள்ள அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய், ஐந்து மீட்டர் ஆழத்தில் அதே இடத்தில் நகல்களை நிறுத்தியிருக்கிறார்கள். இந்த ஏற்பாடு மிகச் சரியானது என்று நினைக்கிறேன். பளிங்கைத் துளைத்துத் தின்னும் சிப்பிகள் அந்தக் கடலில் உண்டு. கோட்டையில் மூலச் சிலையைப் பார்க்கும்போது, மணலில் புதைந்திருந்த பாகம் மழமழவென்றும், நீரில் வெளியே இருந்த பாகம் அரித்துப் பொத்தலாகவும் இருப்பது தெரியும்.

2002-இல் இந்தக் கடற்பகுதியையே பாதுகாக்கப்பட்ட பூங்காவாக அறிவித்தார்கள். முக்குளிக்கத் தெரிந்தவர்கள் அனுமதி பெற்ற வழிகாட்டியோடு மட்டுமே இறங்கலாம். நீந்தத் தெரியாதவர்களுக்கு அடியில் கண்ணாடி வைத்த படகு இருக்கிறது. வழிகாட்டி கையால் விசிறி மணலை ஒதுக்கினால் கருப்பு வெள்ளைக் கல் பதித்த தரை தெரியும். பார்த்து முடித்ததும் மறுபடி மணலை மூடிவிடுகிறார். மணல்தான் அந்தத் தரைக்குப் போர்வை. திறந்து விட்டால் சில ஆண்டுகளில் பாசியும் பூச்சியும் அழித்துவிடும். சுவர்களைப் பழுது பார்க்கிறவர்களும் தண்ணீருக்குள்ளேயே, முதுகில் காற்று உருளையோடு, சாந்து பூசுகிறார்கள். இந்த வளைகுடாவின் அடியில் துளையிட்டு எடுத்த ரோமக் கான்கிரீட்டை ஆராய்ந்தவர்கள், கடல் நீரும் எரிமலைச் சாம்பலும் சேர்ந்து அதற்குள் டோபர்மோரைட் என்ற கனிமத்தை உண்டாக்கியிருப்பதைக் கண்டார்கள். நாம் கடலோரத்தில் கட்டும் கட்டடங்களில் உப்புக்காற்று உள்ளே புகுந்து கம்பியைத் துருவாக்கி, துரு ஊதிக் கான்கிரீட்டை வெடிக்க வைக்கிறது. கம்பியில்லாத அந்தக் கலவை உப்பு நீரிலேயே இரண்டாயிரம் ஆண்டு கிடந்து கெட்டியாக இருக்கிறது.

அந்த அருங்காட்சியகத்தில் பலர் நிற்காமல் கடந்துபோகும் ஒரு பெட்டி உண்டு. 1954-இல் பையாவில் கிடைத்த ஜிப்சம் வார்ப்புத் துண்டுகள். கிரேக்க வெண்கலச் சிலைகளின் மேலேயே அச்செடுத்து, அதை வைத்துப் பளிங்கு நகல்கள் செதுக்கிய பட்டறையின் மிச்சம் அது. மூல வெண்கலங்கள் உருக்கப்பட்டு மறைந்துவிட்டன. ஒரு கன்னத்தின் துண்டு, கண் இமையின் துண்டு என்று இவை மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. கொஞ்ச நேரம் அங்கே நில்லுங்கள்.

வளைகுடாவின் எதிர்க் கரையில் பொட்சுவோலி. ரோமர் காலத்தில் கிழக்கத்திய சரக்கெல்லாம் வந்து இறங்கிய பெரிய துறைமுகம். தமிழ் விவிலியத்தில் பவுல் வந்து கரையேறும் புத்தேயோலி இதுதான். இங்கிருந்து நம் பக்கத்துக்கும் ஒரு கயிறு நீள்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் கிடைத்த மதுச் சாடிகளில் ஒரு வகையின் களிமண்ணில் கருமணல் கலந்திருக்கிறது. அது நேப்பிள்ஸ் வளைகுடாப் பகுதியின் எரிமலை மணல். இலங்கைக்குக் காற்றடித்துக் கொண்டு போய்ச் சேர்ந்த ஒரு ரோமக் கப்பலைப் பற்றி ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். அதன் தலைவர் அன்னியஸ் ப்ளோகாமஸ் என்பவரிடம் விடுதலை பெற்ற அடிமை. அன்னியஸ் குடும்பம் பொட்சுவோலியில் பெயர்பெற்ற வணிகக் குடும்பம். அதே பிளினி, பையாவிலிருந்து பொட்சுவோலிப் பள்ளிக்கு ஒரு சிறுவனை ஓங்கில் (டால்பின்) ஒன்று தினமும் முதுகில் ஏற்றிப் போனதாகவும் எழுதியிருக்கிறார். நடந்ததோ இல்லையோ, அந்த நீரைப் பார்க்கும்போது நினைவுக்கு வராமல் இருக்காது.

பொட்சுவோலியின் பழைய சந்தை மண்டபத்தில் மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. ஆள் உயரத்துக்கு வெகு மேலே, அவற்றின் உடம்பில் ஒரு பட்டையாகச் சிப்பித் துளைகள். நின்ற இடத்திலேயே அந்தத் தூண்கள் கடலுக்குள் இறங்கியிருக்கின்றன, மறுபடி ஏறியிருக்கின்றன. 1830-இல் சார்ல்ஸ் லயல் தன் புவியியல் நூலின் முகப்பிலேயே இந்தத் தூண்களை வரைந்து வைத்தார். நிலம் அசையும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறு வேண்டுமா?

அந்த அசைவு இன்னும் நிற்கவில்லை. 1538 செப்டம்பர் இறுதியில் லுக்ரினோ பக்கத்தில் பூமி வெடித்து, ஒரே வாரத்தில் நூறு மீட்டருக்கும் மேல் உயரமான மலை எழுந்தது; ட்ரிபெர்கோலே என்ற ஊற்றுக் கிராமம் அதன் அடியில் போயிற்று. மோன்டே நுவோவோ என்கிற அந்த மலையில் இன்று மரங்கள் அடர்ந்திருக்கின்றன. 1970-இல் பொட்சுவோலியின் மேட்டுத் தெருக்களில் குடியிருந்தவர்களை அரசு ஒரேயடியாக வெளியேற்றியது. 1983, 84-இல் தரை மறுபடி எழும்பியபோது ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் வீடு மாற வேண்டியிருந்தது. 2005-லிருந்து மீண்டும் எழும்புகிறது. துறைமுகத்தின் சிறிய மீன்பிடித் துறையில் தண்ணீர் வற்றிப் படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிட்டன. 2024 மே 20 இரவு 4.4 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்து, மக்கள் தெருக்களில் படுத்தார்கள். ஆபத்துப் பகுதி என்று வரைந்த எல்லைக்குள் சுமார் ஐந்து லட்சம் பேர் வாழ்கிறார்கள். கடை திறக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். நாம் வேடிக்கை பார்க்கப் போகிற ஊர் அவர்களுக்குக் கடன் வாங்கிக் கட்டிய வீடு இருக்கிற ஊர். போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு போக வேண்டும். இந்த எரிமலையைக் கண்காணிக்கும் வெசூவியஸ் ஆய்வகம் வெளியிடும் தகவலையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

ஒரு நாளில் எல்லாவற்றையும் அடக்கப் பார்க்காதீர்கள். காலையில் கடல் அமைதியாக இருக்கும்போது படகு. வெயில் ஏறியதும் கோட்டை அருங்காட்சியகம். வெயில் தாழ்ந்த பிறகு தொல்லியல் பூங்கா. நேரம் இருந்தால் பாக்கோலியில் பிஷினா மிராபிலிஸ் என்ற நிலத்தடி நீர்த்தொட்டி, நாற்பத்தெட்டுத் தூண்கள் தாங்கும் கூரை; பொறியாளர்கள் அதை விடவே கூடாது. மழை பெய்த மறுநாள் மட்டும் படகுக்குச் சீட்டு வாங்க வேண்டாம். தண்ணீர் கலங்கிக் கிடக்கும். கல் பதித்த தரை தெரியாது. ஓரிரு நாள் பொறுத்துப் போனால் அடிவரை தெரியும்.

நன்றி. வணக்கம்.