பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பூங்காப் பயணம்: வரமே!

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொங்கல் விழாவுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் கலிபோர்னியா பே ஏரியா தமிழ் மக்களே, அனைவருக்கும் வணக்கம்.

"பதின்ம வயதுப் பிள்ளைகளோடு தேசியப் பூங்காக்களுக்குக் காரில் போவது குடும்பத்துக்கு வரமா, வம்பா?" என்பது தலைப்பு. வரமே என்று பேச வந்திருக்கிறேன். வீட்டில் பதினாறு வயதில் ஒரு மகளும் பதின்மூன்றில் ஒரு மகனும் இருக்கும் அம்மாவாக இதைப் பேசுகிறேன்.

எதிரணியில் முதலில் பேசிய அண்ணன் என்ன சொன்னார்? "பின் சீட்டில் ஏறியதும் காதில் ஹெட்போன். வெளியே யோசெமிட்டி பூங்காவின் எல் கேபிட்டன் மலை வானத்துக்கு நிற்கிறது, இவர்கள் மொபைலைப் பார்க்கிறார்கள். ஆறு வயதில் கூட்டிப் போயிருக்க வேண்டும், பதினாறில் கூட்டிப் போய் என்ன பயன்?" என்றார். அரங்கில் பாதிப் பேர் கை தட்டினீர்கள்.

அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பதினாறு வயதுப் பிள்ளை ஏன் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறது?

கலிபோர்னியாவில் பதினைந்தரை வயதில் வண்டி ஓட்டிப் பழக பெர்மிட் வாங்கலாம். பதினாறில் லைசென்ஸ் வேண்டுமென்றால், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க 50 மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். அதில் 10 மணி நேரம் இரவில். அந்த 50 மணி நேரத்தை நாம் எங்கே கொண்டுபோய்க் கழிக்கிறோம்? சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூட பார்க்கிங்கில் சுற்றிச் சுற்றி வருகிறோம். அதைப் பூங்காச் சாலையில் கழித்துப் பாருங்கள்.

டெத் வேலி என்ற பாலைவனத் தேசியப் பூங்காவுக்கு மேற்குப் பக்கமிருந்து 190-ஆம் நெடுஞ்சாலையில் வந்தால் டவுன் பாஸ் என்று ஒரு கணவாய் வரும். ஏறத்தாழ 5,000 அடி உயரம். அங்கிருந்து பூங்காவுக்குள் இருக்கும் ஸ்டவ்பைப் வெல்ஸ் என்ற சிற்றூருக்குப் போய்ச் சேரும்போது கிட்டத்தட்ட கடல் மட்டத்துக்கே இறங்கியிருப்போம். அந்த இறக்கம் முழுக்க பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பு போய்விடும். கியரைக் குறைத்து, வேகத்தை இன்ஜினே அடக்கும்படி விட்டு, இடையிடையே மட்டும் பிரேக்கைத் தொட்டு இறங்க வேண்டும். அந்த இடத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் என் மகள். பக்கத்து சீட்டில் நான். என் வலது கால் தன்னால் தரையை அழுத்துகிறது. கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமலே, "அம்மா, லோ கியர்ல போட்டுட்டேன். நீ பயப்படாத" என்றாள்.

அப்புறம் நடந்ததைத்தான் இந்த மேடையில் சொல்ல ஆசைப்பட்டேன். வீட்டில் எதைக் கேட்டாலும் "ம்", "தெரியல" என்று முடித்துக்கொள்கிற பெண், அந்த இறக்கத்தில் தானாகப் பேச ஆரம்பித்தாள். நெருங்கிய தோழி ஒருத்தி பேசுவதை நிறுத்திவிட்டதைச் சொன்னாள். கால்குலஸ் வகுப்பில் தான் மட்டும் பின்தங்குவதாகத் தோன்றுகிறது என்றாள். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து நான் எத்தனையோ தரம் கேட்டும் வராத பேச்சு அது. முகத்துக்கு முகம் பார்த்துக் கேட்டால் அந்த வயசுக்கு விசாரணை மாதிரி இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கூச்சம் விலகுகிறது. மணிக்கணக்கில் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார இந்த நாட்டு வாழ்க்கை நமக்கு வேறு எங்கே இடம் கொடுக்கிறது?

அடுத்துப் பேசிய எதிரணிச் சகோதரி, "சூரிய உதயம் பார்க்க விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பினோம், அன்று முழுக்க வீட்டில் சண்டை" என்றார். சகோதரி, அது சோம்பல் அல்ல. பதின்ம வயதில் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. அந்த உடம்புக்குத் தூக்கம் வருவதும் தாமதம், விழிப்பதும் தாமதம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-லேயே, நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளை 8:30-க்கு முன்னால் திறக்காதீர்கள் என்றது. கலிபோர்னியா சட்டமே போட்டு, 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மாநிலமே ஏற்றுக்கொண்ட உண்மையை விடுமுறை நாளில் நாமும் ஏற்றுக்கொள்ளலாமே. உதயத்தை விட்டுவிடுங்கள். இரவை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவு என்றால் டெத் வேலி இரவு. செயற்கை வெளிச்சம் குறைந்த வானத்துக்காகச் சர்வதேச அங்கீகாரம் பெற்ற பூங்கா அது. நிலவில்லாத நாளில் ஸ்டவ்பைப் வெல்ஸ் பக்கத்து மணல்மேட்டில் போய் நின்றால் பால்வீதி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தெரியும். ஆனால் போனதும் தெரியாது. இருட்டுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒரு மொபைல் திரை மின்னினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வழி பார்க்க என் மகன் டார்ச் முகப்பில் சிவப்பு செலோபேன் தாளைச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு எடுத்து வந்திருந்தான். சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காதாம். அலுவலக மெயில் வந்திருக்கிறதா என்று என் கணவர் பாக்கெட்டில் கை வைக்க, "அப்பா, மொபைலை உள்ள வைங்க, எல்லார் கண்ணும் போயிடும்" என்றான். நடுவர் அவர்களே, மொபைலை வைக்கச் சொன்னது யார், எடுத்தது யார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சின்ன வயதில் போவதே சிறப்பு என்ற வாதத்துக்கு வருகிறேன். ஆறு வயதில் போகட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் 'டிரெயில் ஆஃப் டைம்' என்று ஒரு நடைபாதை இருக்கிறது. அதை ஆறு வயதில் ஓடிக் கடக்கலாம், பதினாறில்தான் நடக்க முடியும். தரையில் மீட்டருக்கு ஒரு வெண்கலக் குறி பதித்திருக்கிறார்கள். ஒரு குறி பத்து லட்சம் ஆண்டு. பள்ளத்தாக்கின் பாறைகளைக் கொண்டுவந்து, அந்தந்த வயதுக்குரிய இடத்தில் தொட்டுப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். அடியாழத்தில் கிடக்கும் 'விஷ்ணு ஷிஸ்ட்' பாறைக்கு சுமார் 170 கோடி வயது. அதனிடம் போக 1,700 மீட்டர் நடக்க வேண்டும். கொலராடோ ஆறு இந்தப் பள்ளத்தாக்கை அறுத்த காலமோ ஐந்தாறு குறிகள்தான். மகள் நின்று கணக்குப் போட்டாள். நம் மனித இனத்துக்கு மூன்று லட்சம் வயது என்றால் முப்பது சென்டிமீட்டர். முதல் குறியைக்கூட நாம் தொடவில்லை. காலை ஒட்டி வைத்து அந்த ஓரடியை அளந்து காட்டினாள். எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று உலகமே தன் தலையில் உட்கார்ந்திருப்பதாக நினைக்கிற வயது அது. அந்த வயதில் இதைப் பார்ப்பது வேறு, ஆறு வயதில் பார்ப்பது வேறு.

செக்வோயா பூங்காவில் இன்னொன்று. 2020-இல் வந்த காசில் காட்டுத்தீயில் உலகத்தில் உள்ள பெரிய செக்வோயா மரங்களில் பத்தில் ஒன்றாவது அழிந்தது என்பது பூங்காத் துறையின் மதிப்பீடு. அந்த மரத்தின் கூம்பு விரிந்து விதை உதிர்க்கவே நெருப்பின் சூடுதான் பெரிதும் உதவுகிறது. அப்படியிருக்க நெருப்பு ஏன் அதைக் கொன்றது? பதின்மூன்று வயதுப் பையன் கேட்டான். நூறு ஆண்டாகச் சின்னத் தீயைக்கூட விடாமல் அணைத்து, காட்டில் காய்ந்த சுள்ளி சேர விட்டார்கள். அதோடு வறட்சியும் வெப்பமும் சேர்ந்தன. இதை அவனுக்குச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருந்தது. அவன் காலத்து உலகம் அது. படத்தில் பார்ப்பதைவிட, கரிந்த அடிமரத்தில் கை வைத்துத் தெரிந்துகொள்ளட்டும்.

சண்டை வரும் என்றார்கள். வரும். யார் இல்லை என்றது? நாலு பேர் ஒரே அறையில் தங்கினால் குளியலறைக்கே சண்டை வரும். ஆனால் யோசெமிட்டி முகாமில் இருட்டும் நேரத்தைப் பாருங்கள். கரடி வரும் என்பதால் வாசனையுள்ள எதையும் காரில் விடக் கூடாது, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் மாமியாருக்கு அறிவிப்புப் பலகையைப் படித்துச் சொன்னவன் மகன்தான். "பாட்டி, புளியோதரை மட்டும் இல்ல, தேங்காய் எண்ணெயும் உள்ள வைக்கணும். டூத்பேஸ்ட்டும். கரடிக்கு எல்லா வாசனையும் தெரியும்." முறுக்கு டப்பாவைப் பாட்டி எடுத்துக் கொடுக்க, அவன் அடுக்கினான். வீட்டில் பாட்டிக்கு அடுப்படி, அவனுக்குச் சாத்திய அறை. அங்கே இரண்டு பேருக்கும் ஒரே வேலை.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல நேரமில்லை. விடுதி வாடகை கடிக்கத்தான் செய்கிறது. ஆனால் நுழைவுக் கட்டணம் கிராண்ட் கேன்யனில் அமெரிக்காவில் குடியிருப்பவர்களின் காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். கூடாரமும் ரைஸ் குக்கரும் இருந்தால் மீதியைச் சமாளிக்கலாம்.

வம்பு எங்கே வருகிறது தெரியுமா? ஒரே வாரத்தில் ஐந்து பூங்கா என்று எக்செல் ஷீட்டில் நிமிடக் கணக்குப் போட்டு, பிள்ளையை அதில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளும்போது வருகிறது. அது திட்டம் போட்டவரின் குற்றம், பயணத்தின் குற்றம் அல்ல. ஒரு நாளை முழுசாகப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். எங்கே போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எதைச் சாப்பிடுவது எல்லாம் அவர்கள் முடிவு. பத்து மணிக்குக் கிளம்பினால் கிளம்பட்டும்.

"கல்லூரிக்காக எழுதும் எஸ்ஏடி, ஏபி பரீட்சை முடியட்டும், அப்புறம் போகலாம்" என்றும் எதிரணி சொன்னது. அப்புறம் என்பது எப்போது? பதினெட்டில் கல்லூரி விடுதி. அதன்பின் கோடை விடுமுறை இன்டர்ன்ஷிப்புக்குச் சொந்தம். காரில் நாலு பேரும் ஒன்றாக ஏறக்கூடிய காலம் இதுதான்.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே, ஒரே நிமிடம். யோசெமிட்டி பள்ளத்தாக்கின் பைன்ஸ் என்ற கூடார முகாம்களுக்கு ஐந்து மாதம் முன்னதாக, அந்த மாதத்தின் 15-ஆம் தேதி காலை ஏழு மணிக்கு இணையத்தில் பதிவு திறக்கும். சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். நம் விரல் வேகத்துக்கு அது நடக்காது. இன்றைக்கே பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுங்கள், தேதியையும் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். தீர்ப்பு வரமே என்று அமைய வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.