அடிபட்ட தலையும் ஆடும் தரையும்

(தலைக்காயத்திலிருந்து மீண்டுவருவோரும் அவர்களுடைய வீட்டாருமாகக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கூடியிருந்த ஒரு மாலையில், இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ‘மயக்கம் வருகிறது’ என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அறை சுழல்வதும் மயக்கம், எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வருவதும் மயக்கம், கால் தரையில் பாவாமல் தள்ளாடுவதும் மயக்கம், நினைவு தப்பி விழுவதும் மயக்கம். பக்கத்தில் இருக்கும் பெரியவர் ‘எல்லாம் பித்தம்’ என்று சொல்லி, எலுமிச்சம்பழச் சாற்றைக் கொடுத்துப் படுக்கச் சொல்வார். வெயிலில் அலைந்து வந்தவருக்கு அது போதும். வண்டியிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டவருக்கோ இந்த நான்கும் பெரும்பாலும் வெவ்வேறு காரணத்தால் வருபவை. ஒன்றுக்கான மருத்துவம் மற்றொன்றுக்கு உதவாது. ஆகையால் என்ன சுற்றுகிறது, எப்போது சுற்றுகிறது, எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்வரை நான் நோயாளியைக் கட்டிலில் ஏற்றுவதில்லை.

தேவனாம்பட்டினத்துக் கரையில் நின்று, அலையில் ஏறி இறங்கும் படகில் வலையைப் பிடித்தபடி நிற்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். அவருடைய கண் தொலைவில் அடிவானத்தைப் பிடித்திருக்கிறது. பாதமும் மூட்டுகளும் பலகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, தலை எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதை மூளைக்கு அனுப்புகிறது. இந்த மூன்று சேதிகளையும் மூளைத்தண்டும் சிறுமூளையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவதால்தான் அவர் விழாமல் நிற்கிறார். தலையில் விழும் அடி, காதையும் கெடுக்கலாம், கழுத்தையும் கெடுக்கலாம், சேதிகளைச் சேர்த்துப் பார்க்கும் மூளையையும் கெடுக்கலாம். ஒரே ஆளிடம் இரண்டு மூன்று கோளாறுகள் சேர்ந்திருப்பதும் உண்டு. இந்த நோயில் பலரும் தடுமாறுவது அங்கேதான்.

இவற்றுள் அடிக்கடி காணப்படுவதும், எளிதில் தீர்வதும், அப்படியிருந்தும் கவனிக்கப்படாமல் போவதும் ஒன்று உண்டு. உட்காதின் ஒரு பையில், கூழ் போன்ற படலத்தின்மேல், கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. அடியின் அதிர்ச்சியில் அவை பெயர்ந்து, பக்கத்திலுள்ள அரைவட்டக் குழலுக்குள் புகுந்துவிடும். அதன்பின் படுக்கையில் புரளும்போதும், பரணைப் பார்க்க அண்ணாந்தாலும், கீழே விழுந்ததை எடுக்கக் குனிந்தாலும், துகள் நகர்ந்து குழலிலுள்ள நீரையும் இழுக்கிறது. தலை நின்ற பிறகும் அது சுற்றிக்கொண்டிருப்பதாகக் காது பொய்ச்சேதி அனுப்புகிறது. நோயாளியின் தலையை 45 பாகை திருப்பிச் சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைக் கட்டில் விளிம்புக்குச் சற்றுக் கீழே தாழ்த்தி அவர் கண்களைப் பார்த்தால், சில நொடி ஒன்றும் இராது; பிறகு விழி மேல்நோக்கியும் தாழ்ந்த காதின் பக்கமாகச் சுழன்றும் துடிக்கும்; ஒரு நிமிடத்துக்குள் தானே அடங்கும். 1952-இல் டிக்ஸ், ஹால்பைக் என்ற லண்டன் மருத்துவர்கள் இருவரும் எழுதிவைத்த சோதனை இது. கட்டிலும் கூர்ந்த பார்வையும் போதும். ஆனால் விபத்தில் சிக்கியவர் என்றால், கழுத்தெலும்பில் முறிவு இல்லை என்று உறுதிசெய்யாமல் இதைச் செய்யவே கூடாது.

துகளைக் குழலுக்கு வெளியே கொண்டுவரும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992-இல் விரிவாக வெளியிட்டார். அதே நிலையில் தொடங்கி, தலையை மறுபக்கம் திருப்பி, உடலையும் அந்தப் பக்கம் உருட்டி, முகம் தரையைப் பார்க்கும்படி வைத்து, பிறகு எழுப்பி உட்காரவைப்பது. ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை பொறுத்திருப்பது. பொங்கல் பானையைச் சாய்த்துச் சாய்த்து ஒட்டியதை வாய்க்குக் கொண்டுவருகிறோமே, அந்த வேலைதான். அடிபட்டதால் வரும் வகையில் இரண்டு காதுகளிலும், ஒன்றுக்கு மேற்பட்ட குழல்களிலும் துகள் இருக்கலாம். சரியான பிறகு திரும்பியும் வரலாம். ஆகையால் ஒருமுறை செய்து பலிக்கவில்லை என்று கைவிட வேண்டாம்.

இந்த இடத்தில் என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவிடம், தலைசுற்றல் மாத்திரையை விடாமல் சாப்பிட்டுத் தலையை அசைக்காமல் இருக்கும்படி சொல்லி அனுப்பினேன். மூன்று மாதம் அவர் அப்படியே இருந்தார். திரும்பி வந்தபோது தலையும் தோளும் மரப்பாச்சிபோல ஒன்றாகத் திரும்பின. சுற்றல் குறையவில்லை, கழுத்துவலி கூடியிருந்தது. குமட்டலும் வாந்தியும் கடுமையாக இருக்கும் முதல் சில நாட்களுக்கு அந்த மாத்திரைகள் தேவைதான். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் தொடர்ந்தால், மூளை புதிதாகப் பழகிக்கொள்வதற்கு வேண்டிய சேதியையே அவை மழுங்கடித்துவிடுகின்றன.

அசைவே மருந்து என்பது நேற்று வந்த கருத்தன்று. 1940-களில் லண்டனில், தலைக்காயம்பட்டவர்களுள் எழுந்து நடமாடியவர்கள் படுத்தே கிடந்தவர்களைவிட விரைவில் தேறியதைக் கண்டு, காத்தோர்ன் என்ற காது மருத்துவரும் குக்சி என்ற மருத்துவரும் கண், தலை, உடல் என்று படிப்படியாக அசைக்கும் பயிற்சிகளை வகுத்தார்கள். இன்று நாம் கற்பிப்பவை அவற்றின் வழித்தோன்றல்களே. கருத்து இதுதான்: எந்த அசைவு சுற்றலைத் தருகிறதோ, அந்த அசைவையே சிறிய அளவில், பாதுகாப்பாக, மீண்டும் மீண்டும் மூளைக்குக் காட்ட வேண்டும்.

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் தேதி எண்ணைக் கண்மட்டத்துக்கு வைத்து, கைக்கெட்டும் தொலைவில் முதலில் உட்கார்ந்துகொள்ளுங்கள். எண்ணை விட்டுக் கண்ணை எடுக்காமல், தலையை மட்டும் ‘இல்லை’ என்பதுபோல இடவலமாக ஆட்ட வேண்டும். எண் கலங்கித் தெரியத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றுக் குறைவான வேகமே உங்களுக்குரிய வேகம். பிறகு ‘ஆமாம்’ என்பதுபோல மேலும் கீழும். ஒரு நிமிடம் செய்து ஓய்வெடுத்து, நாள் முழுவதும் பிரித்துச் செய்யலாம்; நாட்பட்ட கோளாறுக்கு நாளுக்கு மொத்தம் 20 நிமிடம் என்ற கணக்கில் பல வாரங்கள் தொடர வேண்டியிருக்கும். சற்றே கிறுகிறுப்பது பயிற்சி வேலை செய்வதன் அடையாளம். அது அரைமணி நேரம் தாண்டியும் அடங்காவிட்டால் அளவு மிகுந்துவிட்டது என்று பொருள். உட்கார்ந்து செய்தது கைவந்தபின் நின்றும், அதன்பின் நடந்தும் செய்ய வேண்டும். வெள்ளிக் கடற்கரையின் ஈரமணலில் நடக்கச் சொல்வதும், திருப்பாப்புலியூர்க் கடைவீதிக்கும் புதுச்சேரி ஞாயிற்றுச் சந்தைக்கும் துணையோடு அனுப்புவதும் இந்த வரிசையில் பிறகு வருபவை. காதை நம்ப முடியாமல் கண்ணையே நம்பிவிட்ட மூளைக்கு, எல்லாப் பக்கமும் ஆள் நகரும் கூட்டம் பெரும் சோதனை. முதல் வாரத்திலேயே அங்கே அழைத்துப்போனால் ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார், பார்க்கிறவர்கள் குடித்திருப்பதாக நினைப்பார்கள்.

வீட்டார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிக்கும்போது, சீயக்காய்க்குப் பயந்து கண்ணை மூடுகிறோம். காலடியில் தரை வழுக்குகிறது. மூன்று துணைகளில் இரண்டு ஒரே நேரத்தில் போய்விட, மிச்சமிருப்பது பழுதான காது மட்டுமே. பல மாதம் பாடுபட்டுத் தேறியவர் அந்த ஒரு நொடியில் மறுபடியும் மண்டையை உடைத்துக்கொள்ளக் கூடும். சனிக்கிழமைக் குளியலை நிறுத்த வேண்டாம். ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்துக் குளிப்பாட்டுங்கள்.

காது காரணமல்லாத தள்ளாட்டங்களும் உண்டு. வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடாயின் மாத்திரை, அளவு மிகுந்தால் அதுவே நடையைத் தள்ளாடவைக்கும்; அதற்காக அதை நீங்களே நிறுத்தினால் வலிப்பு வரும், மருத்துவரிடம்தான் சொல்ல வேண்டும். அடிக்குப் பின் வரும் ஒற்றைத் தலைவலியும், எழுந்ததும் குறையும் ரத்த அழுத்தமும், விழுந்துவிடுவோமோ என்ற அச்சமும்கூடக் கிறுகிறுப்பாகவே வெளிப்படும். தலைவலி நாளுக்கு நாள் ஏறினாலோ, பேச்சு குழறினாலோ, உருவம் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கக் கைகால் தளர்ந்தாலோ, அளவுக்கு மீறித் தூங்கினாலோ, காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தண்ணீர்போல வடிந்தாலோ என்னிடம் வராதீர்கள். நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். முதியவர்களுக்கு, குறிப்பாக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, சிறிய அடிக்குப் பிறகும் வாரங்கள் கழித்து மண்டைக்குள் ரத்தம் சேர்ந்திருப்பது தெரியவரும்.

வண்டி எப்போது ஓட்டலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியோடு விழுந்த ஒரு மீனவ நண்பர் நான்கு மாதமாக என்னிடம் வருகிறார். துகளைச் சரிசெய்ய மூன்று அமர்வுகள் போதுமாயிருந்தன. நடை சீராக மீதி மாதங்கள் ஆயின. இப்போது கடல்மணலில் கண்ணை மூடி நிற்கிறார், பகலில் படகிலும் ஏறுகிறார். நடந்துகொண்டே வலத்தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கச் சொன்னால் மட்டும் இன்னும் பக்கவாட்டில் ஓர் அடி விலகிப்போகிறார். சாலையில் அந்த ஓர் அடிதான் லாரி வரும் இடம். வண்டிச் சாவி அவர் மனைவியிடம் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.